உரிய பிரிவுக்கு

தம்பி,

நலம் விசாரிக்கிற வேலையை அம்மா தினமும் போனில் செய்துவிடுகிறாள். நீ மத்தியானம் என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்பதெல்லாம் ரேடியோச் செய்தி மாதிரி எனக்கு வேளாவேளைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதிரையில் சாய்ந்து, தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைக்கிற நேரம் பார்த்து அம்மா சொன்னாள்: "தம்பிக்கு அவங்ககிட்ட வேலை கிடைச்சிருக்கு. இன்ஜினியர் வேலை. வேணாம்னு எழுதப் போறானாம்." கோப்பையில் இருந்ததில் பாதி என் சேட்டில், நெஞ்சுப் பக்கம், கொட்டியது. "யாருகிட்ட?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டியதில்லை. நம் வீட்டில் 'அவங்க' என்றால் ஒரே ஒரு கூட்டம்தான். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிற உதிரிகளைக் கொழும்புப் பக்கம் ஒரு பெரிய தகரக் கொட்டகையில் வைத்துப் பொருத்தி, 'நம் நாட்டுக் கார்' என்று பெயர் போட்டு விற்கிற அந்தக் கம்பனி. இருபது வருஷமாக நான் யாரோடு சண்டை போடுகிறேனோ, அவங்க.

நீ சொன்னதையும் அம்மா அப்படியே ஒப்பித்தாள். "நம்மள சாகடிக்கப் பாத்தவங்கம்மா அவங்க. அவங்க பிரேக்கு போட்ட தழும்பு என் நெத்தியில இருக்கு. அங்க போய் சம்பளம் வாங்கிட்டு அப்பா மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?" இதைக் கேட்டதும், உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று சேட்டைத் துடைத்துக்கொண்டே நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மா இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். "திங்கட்கிழமைக்குள்ள பதில் எழுதணுமாம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். அவள் அப்படிக் கேட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ இடையில் பேசுவாய், நான் சிரித்து மழுப்பிவிடுவேன், பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம். நாளைக் காலை ரயிலில் கொழும்புக்கு வருகிற உன் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படி. நடுவில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்து படி.

அந்தக் காரை நான் ஏன் வாங்கினேன் என்பது உனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பாய். நான் இந்தக் கண்டியில்தான் பிறந்தேன். ஆனாலும் பாதி வயது போகும்வரை எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு காகிதம் கிடையாது. உன் தாத்தா அந்தக் குடியுரிமைக் காகிதத்துக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டே போய்ச் சேர்ந்தார். எனக்குக் கிடைத்தது. கிடைத்த கையோடு அடையாள அட்டை எடுத்தேன். அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கார் வாங்கப் போனேன். வாங்கப் போனது ஒரு சின்ன ஜப்பான் கார். நாலு பேர் உட்காரலாம், ஒரு சொட்டு எண்ணெயில் ஒரு மலை ஏறும் என்று கட்டுகஸ்தோட்டை மஜீத் நானா பார்த்து வைத்திருந்தார். உனக்குத் தெரியும், நானா நம் காருக்கு மட்டும் மெக்கானிக் இல்லை, எனக்கும் அவர்தான் மெக்கானிக். போகிற வழியில் அவங்க ஷோரூம். வாசலில் நின்ற பையன் என்னைப் பார்த்து, "வாங்க சேர், நம்ம நாட்டுல செஞ்ச கார், பாத்துட்டுப் போங்க" என்று தமிழிலேயே சொன்னான். நம்ம நாடு. என்னையும் சேர்த்துச் சொன்னான், தம்பி. அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்தேன். உலகத்தில் கார் வாங்குகிறவன் டயரைப் பார்ப்பான், இன்ஜினைப் பார்ப்பான். நான் என் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நானா காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பொனட்டைத் திறந்தார், மூடினார். "முதலாளி, இது காரா ஈக்குமென்டு எனக்கு விளங்கல்ல. பவுசர் மாதிரி ஈக்குது" என்றார். பெற்றோல் ஏற்றிப் போகிற பவுசரிலாவது பெற்றோல் தங்கும். இதில் தங்கவில்லை. வீட்டிலிருந்து கடைக்குப் போய்வருவதற்குள் முள் படுத்துவிடும். கண்டி மேடு எப்படிப்பட்டது என்று அவங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சமதரையில் ஓடவே சுணங்குகிற இன்ஜினை இவ்வளவு பெரிய உடம்புக்குள் வைத்திருந்தார்கள். அம்மாதான் அதற்குப் பெயர் வைத்தாள்: 'சம்பந்தி'. "எவ்வளவு போட்டாலும் பத்தாது. மூஞ்சியக் காட்டவும் முடியாது. வாசல்ல நின்னா நமக்குத்தான் கௌரவம்" என்று அவள் சொன்ன விளக்கத்தில் என் அக்கா வீட்டுச் சம்பந்திமார் யாருக்கும் சம்பந்தமில்லை என்று நான் நம்புகிறேன். முதல் வருஷம் முழுக்க நான் வாய் திறக்கவில்லை. இந்தக் காரைக் குறை சொன்னால் நாட்டைக் குறை சொன்னதாகிவிடுமோ, கொடுத்த காகிதத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம். சிரிக்காதே, நிஜமாகவே பயந்தேன். பிறகு பார்த்தால், பக்கத்துக் கடைத் தையற்காரர் பியதாச காலையில் கடை திறந்தால் சாயங்காலம் வரைக்கும் நாட்டைத் திட்டுகிறார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, பயமில்லாமல் திட்டுகிறவன்தான் சொந்த நாட்டுக்காரன் என்று. அன்று மத்தியானமே கடையில் உட்கார்ந்து அவங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டேன்.

கடிதம் போனதே தவிர, பெற்றோல் செலவு குறையவில்லை. அதற்கு நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்டியில் கடவுள் மேட்டை மட்டுமா வைத்தார், இறக்கத்தையும்தானே வைத்தார். இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிடுவேன். சாவியை முழுக்கத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அதனால் அரைச் சுற்றுத்தான் திருப்புவேன். நான் முழு முட்டாள் இல்லை பார், அரை முட்டாள். வீட்டு வாசலிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலம்வரை ஒரு சொட்டுச் செலவில்லாமல் சம்பந்தி உருண்டு வருவார். உனக்கு இது ஞாபகம் இருக்கும். கார் உருளும்போது யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது என்று உனக்கு நான் சட்டம் போட்டிருந்தேன். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அம்மா முன்னால் சாய்ந்துகொள்வாள், அவள் சாய்ந்தால் கார் இன்னும் கொஞ்சம் போகும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. நின்ற இடத்தில் நீ இறங்கி, ரோட்டோரத் தூணில் சோக்கட்டியால் ஒரு கோடு போடுவாய். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டினால் அன்றைக்கு நமக்குத் தீபாவளி. "ஏம்ப்பா நேத்து இன்னும் தூரமாப் போச்சு?" என்று கேட்பாய். டயரில் காற்று என்பேன். ஒருநாள் நீயாகவே, "பாரம் குறைஞ்சா இன்னும் போகும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் புத்தகப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய். வாத்தியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் அவரிடம் என்ன காரணம் சொன்னேன் என்பதை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். ஒரு கடிதத்துக்கு ஒரு குற்ற ஒப்புதல் போதும்.

நம் குடும்பம் எங்கே போவது, எங்கே போகாதது என்பதையெல்லாம் சம்பந்திதான் தீர்மானித்தார். பல் வைத்தியர் மேட்டில் இருந்தார், அதனால் நமக்குப் பல்வலி வரக்கூடாது. உன் சித்தப்பா வீடு இறக்கத்தில் இருந்ததால் அவர் மேல் எனக்குத் தனிப் பாசம். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரை நான் ஊரெல்லாம் விசாரித்துச் சேர்த்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். போன வருஷம் அவர் கால்களில் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாயே, சந்தோஷம். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்த காரணம், நம் வாசலில் பிரேக்கை விட்டால் அவர் வாசலில் போய் நிற்கும் என்பதுதான். எதிர்ப்பக்கம் இறக்கம் இருந்திருந்தால், அங்கே இருந்த வித்துவானிடம் நீ மிருதங்கம் கற்றிருப்பாய்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உனக்கு அப்போது ஏழு வயது. கலஹா பக்கத் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. நம் பாத்திரக் கடைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் மூன்று நாள் கடை போட்டோம். விற்றது போக மிச்சத்தை ஏற்றிக்கொண்டு காலையில் திரும்பினோம். டிக்கியில் குடங்கள், தம்ளர்கள், கரண்டிக் கட்டு. பின் சீட்டில் அம்மா, அவள் மடியில் விற்காத பெரிய அண்டா, அண்டாவில் தலையை வைத்து நீ. மூன்று நாள் திருவிழா பார்த்த அசதியில் அப்படியொரு தூக்கம். நீ தூங்கினாய் என்பதைக் குறித்துக்கொள், அதனால்தான் இத்தனை வருஷம் என்னால் தப்பிக்க முடிந்தது. கலஹாவிலிருந்து பேராதனைவரை இறக்கமோ இறக்கம். அந்த ரோட்டைப் பார்த்தால் எனக்குப் பாயசத்தைப் பார்த்த மாதிரி. சாவியை அரைச் சுற்றுத் திருப்பினேன். அம்மா சொன்னாள்: "ஏங்க, இவ்வளவு பாரத்தோட வேணாங்க. இன்ஜினப் போடுங்க." நான் சொன்னேன்: "பாரம் இருந்தாத்தான் நல்லா உருளும்." அவள் அண்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நல்லாத்தான் உருண்டது. கொஞ்சம் அதிகமாகவே நல்லா உருண்டது. இன்ஜின் ஓடவில்லை என்றால் இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், படித்தவன். அந்த இரண்டு மிதியையும் முதல் இரண்டு வளைவிலேயே செலவழித்துவிட்டேன். மூன்றாவது வளைவில் எதிரே ரொட்டி விற்கிற பாண் வண்டி. காலை ஊன்றி மிதிக்கிறேன், மலையை மிதிக்கிற மாதிரி இருக்கிறது. வேறு வழியில்லாமல் இடதுபக்கம் ஒடித்தேன். சம்பந்தி ஒரு மரக்கறித் தோட்டத்துக்குள் போய், போஞ்சிப் பந்தலைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். டிக்கி திறந்துகொண்டது. குடமெல்லாம் ரோட்டில் இறங்கிப் பேராதனைக்குக் கிளம்பின. எனக்கு முன்னால் ஒரு செப்புக்குடம் அந்த வளைவை என்னைவிட அழகாகத் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். ஊர்ச் சனம் ஓடிவந்தது. பாண் வண்டிக்காரன் உட்பட எல்லோரும் குடத்தைத் துரத்தினார்கள். ஒரு சிங்களப் பெண் இடுப்பில் சுற்றியிருந்த சீத்தைத் துணியை ஏந்தி அதில் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். எல்லாம் திரும்பி வந்தது, ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. அப்போதுதான் நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். உன் முகம் முழுக்க ரத்தம்.

தம்பி, அந்த நிமிஷத்தை நான் வேடிக்கையாக எழுத மாட்டேன். தம்ளர் பொறுக்கின அதே பெண் உன்னைத் தூக்கி, தன் துண்டைக் கிழித்து நெற்றியில் கட்டி, "பய வென்ன எப்பா புத்தே" என்று, பயப்படாதே மகனே என்று, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டாள். நீ அழுதாய். அழுததால்தான் எனக்கு உயிர் வந்தது. யாரோ என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டார்கள். என் வாயில் வந்தது: "பிரேக் நே." பிரேக் இல்லை என்று முதலில் சிங்களத்தில் சொன்னேன். ஆசுபத்திரியில் டொக்டரிடம் தமிழில் சொன்னேன். அவங்களுக்கு எழுதினபோது இங்கிலீஷில் சொன்னேன். மூன்று மொழியிலும் ஒரு பொய்யைச் சொன்னவனுக்கு, பிறகு அது பொய் என்பதே மறந்துபோகும். உன் நெற்றியில் இருப்பது அவங்க போட்ட தழும்பு இல்லை. அவங்க காரின் எந்த உறுப்பும் உன்னைத் தொடவில்லை. அது நம் கடை அண்டாவின் விளிம்பு. அந்த அண்டாவை ஏற்றியவன் நான், இன்ஜினை அணைத்தவன் நான். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் மஜீத் நானா. காரை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டதும், சாவி நின்ற நிலையைப் பார்த்தார், கியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முதலாளி, பிரேக் நல்லாத்தான் ஈக்குது" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "சரி, நான் ஒண்டும் செல்ல மாட்டன். ஆனா இனிமேப்பட்டு சாவியத் திருப்பினா காரை என்கிட்டக் கொண்டு வராதீங்க." அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் எழுதின புகாரைப் பார்த்து அவங்களிடமிருந்து ஒரு ஆள் வந்தார். இளம் இன்ஜினியர், சிங்களப் பிள்ளை, வெள்ளைச் சேட்டு, கையில் ஒரு கனத்த பெட்டி. கொழும்பிலிருந்து ரயிலில் வந்து, பஸ் பிடித்து, கராஜ்வரை நடந்தே வந்தார். அவங்க காரில் வரவில்லை என்பதை அப்போதே கவனித்தேன். அரை நாள் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா, முதலாளி?" ஓடிக்கொண்டிருந்தது என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்தில் வாங்குப் பலகையில் நெற்றிக்கட்டோடு நீ உட்கார்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தாய். உன்னையும் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, முழு பிரேக்கையும் புதிதாக மாற்றிக் கொடுத்துவிட்டு, உன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல பிரேக்கைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல பிரேக்கைப் போட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தன் அறிக்கையில் என்ன எழுதினாரோ, அதனால் அவருக்கு என்ன பேச்சு விழுந்ததோ, எனக்குத் தெரியாது. வெட்கத்தை மறைக்க நான் இன்னும் கோபமாக இன்னொரு கடிதம் எழுதினேன்.

அப்படித்தான் பதினான்கு கடிதம் ஆனது. பொய் இருப்பது அந்த இரண்டில் மட்டும்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன், மிச்சம் பன்னிரண்டும் சத்தியம். எங்கள் மலைக்கு ஒரு சின்னக் கார் செய்யுங்கள் என்றேன். நாலு பேர் போவதற்கு ஒரு கலியாண வீட்டுக்கு ஆகிற எண்ணெய் எதற்கு என்று கேட்டேன். எதிரே ஒரு திரீவீலர் வந்தால் ஒதுங்க இடமில்லாத ரோட்டில் இவ்வளவு அகலம் எதற்கு என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று மொழியிலும் அச்சடித்த அதே தாள்தான் வந்தது: 'தங்கள் கருத்து உரிய பிரிவுக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.' "அந்தப் பிரிவுல ஆள் யாரும் இருக்காங்களா, இல்ல அது ஒரு பொட்டியா?" என்று அம்மா கேட்டாள். நான் சின்னது கேட்கக் கேட்க அவங்க பெரிசு பெரிசாகச் செய்தார்கள். கடைசியில் ஜீப் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதன் டயரே என் இடுப்பளவு. "யாரோ உங்க கடிதத்தைத் தலைகீழாப் பிடிச்சுப் படிக்கிறாங்க" என்றாள் அம்மா.

பெற்றோலுக்கு வரிசை நின்ற அந்த வருஷம் நீ கொழும்பில் இருந்தாய், இங்கே நடந்த கூத்தை நீ பார்க்கவில்லை. இரண்டு நாள் பெற்றோல் ஷெட்டு வரிசையில் நானும் சம்பந்தியும் நின்றோம். வரிசை இறக்கத்தில் நகர்ந்ததால் சாவியே போடாமல் முன்னேறினேன், எல்லோருக்கும் முன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எனக்குப் பின்னால் ஒரு டீச்சரம்மா, குருவி மாதிரி ஒரு ஜப்பான் காரில். கொடுத்த பெற்றோல் ஆளுக்கு ஒரே அளவுதான். அந்தம்மா அதில் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போய்வந்தார். நான் மேடேறி வீட்டு வாசலில் நிறுத்தி முள்ளைப் பார்த்தேன். மறுபடி போய் வரிசையில் நிற்கிற அளவுக்குச் சரியாக இருந்தது. அந்த வாரம்தான் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிப் பேராதனை ஆசுபத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. வாசலில் அவ்வளவு பெரிய கார் நிற்கிறது, அம்மா அந்த டீச்சரின் குருவியில் மடங்கி உட்கார்ந்து போனாள். போகும்போது சம்பந்தியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் பதினான்காவது கடிதம் எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை.

ஆகவே கேள். அவங்க உன்னைக் கொல்லப் பார்க்கவில்லை. அந்தக் காரணத்தை வைத்து வேலையை வேண்டாம் என்று எழுதாதே. எழுதினால் என் பொய்யில் நீ இரண்டாவது தடவை அடிபட்டதாகும், அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. என் மூஞ்சியில் எப்படி முழிப்பேன் என்று கேட்டாய். இப்போது அந்தக் கேள்வி என்னுடையது. வேறு காரணம் இருந்தால் சரி, சம்பளம் போதாது, சாப்பாடு சரியில்லை, என்ன வேண்டுமானாலும் எழுது. எனக்கு ஒரு நல்ல எதிரி போய்விடுவானே என்றும் யோசிக்காதே. புகார் எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். இன்ஜினை அணைத்துவிட்டு உருளுகிற சுகம்தான் அதுவும். நாம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்போம், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காது. நீ இன்ஜினைப் போட்டுக்கொண்டே போ.

இதோடு அவங்களுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், பதினைந்தாவது. பிரேக்கில் குறையில்லை, இன்ஜினை அணைத்தது நான், உங்கள் ஆளிடம் பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துக்குக் கீழே அடையாள அட்டை இலக்கமும் இருக்கிறது. பொய்க்குப் போட்டவன் உண்மைக்கும் போட வேண்டாமா? அந்த வெள்ளைச் சேட்டு மனிதர் இன்னும் அங்கே இருந்தால் அவர் கையில் கொடு. இல்லாவிட்டால் என் பழைய கடிதங்களைத் தேடி, அவற்றுக்கு மேலே வை. நீ போய்ச் செய்யப்போவது சின்னக் காராக இருக்கட்டும். அம்மாவின் முழங்கால் மடங்காமல் ஏறுகிற மாதிரி கதவு வை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து நம் வாசல்வரை மேடு, அதை மனதில் வை. டிக்கியின் பூட்டை மட்டும் கொஞ்சம் பலமாகப் போடச் சொல், அந்த ஒரு குறை நிஜம்.

எந்தப் பிரிவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் கேட்டேன். புது மாடல் செய்கிற பிரிவாம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். இருபது வருஷமாக அவங்க அனுப்பிவைத்ததாகச் சொன்ன கடிதமெல்லாம் போய்ச்சேர ஒரு ஆள் இல்லாமல்தான் இருந்திருக்கிறது. இப்போது உறையில் உன் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே கை தன்பாட்டில் 'உரிய பிரிவு' என்றும் எழுதிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, கோடு கிழித்து அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அப்பா